‘இன்னாரைப் பெற்றான்’ லிஸ்ட்ல இருக்கற கதையில்லாத ஆளுங்க

சின்ன வயசுல வீட்ல ராத்திரி ஜெபத்துல ஆளுக்கு ரெண்டு வசனம்னு சுத்தி வாசிப்போம், நம்ம முறைக்கு எந்த வசனம் வரும்னு முன்னாடியே எண்ணி வச்சுக்கறது வழக்கம், அதுல 1 நாளாகமம் வந்துட்டா செத்தோம். மொத ஒன்பது அதிகாரமும் கிட்டத்தட்ட பேரு மட்டும்தான். "ஆதாம், சேத், ஏனோஸ்"னு ஒரு வினைச்சொல் கூட இல்லாமதான் அந்தப் புஸ்தகமே ஆரம்பிக்குது. நாங்க நாலு பேரை முழுங்கிட்டு அடுத்த வசனத்துக்குத் தாவப் பாத்தா பாட்டி கண்ணாடிக்கு மேல ஒரு பார்வை பாப்பாங்க, திரும்ப முதல்லேந்து வாசிக்கணும். ஆதியாகமத்துல வர்ற மெகுயவேல், நாளாகமத்துல வர்ற செமீதா, சேசான், யர்கா... இவங்கல்லாம் யாரு, எதுக்கு பைபிள்ல இருக்காங்கன்னு அப்ப கேட்டா யாரும் பதில் சொல்லல. இப்ப கொஞ்சம் படிச்சதுக்கப்புறம் தோணறது என்னன்னா, அந்தப் பேருங்களை யாரும் பக்கத்த ரொப்பறதுக்காக எழுதல, பெரும்பாலும் ஒவ்வொரு பேருக்குப் பின்னாடியும் ஒரு நிலமோ ஊரோ பதவியோ இருந்திருக்கு, அது எங்களுதுன்னு சொல்லிக்க யாருக்கோ அந்தப் பேரு தேவைப்பட்டிருக்கு. 

மெகுயவேல்லேந்தே ஆரம்பிக்கலாம். ஆதியாகமம் 4ல காயீன் வம்சம் வருது: காயீன், ஏனோக்கு, ஈராத், மெகுயவேல், மெத்தூசவேல், லாமேக்கு. அடுத்த அதிகாரத்துல சேத் வம்சம் வருது: கேனான், மகலாலெயேல், யாரேத், ஏனோக்கு, மெத்தூசலா, லாமேக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க. காயீன் - கேனான், ஈராத் - யாரேத், மெகுயவேல் - மகலாலெயேல், மெத்தூசவேல் - மெத்தூசலா, ஏனோக்கும் லாமேக்கும் ரெண்டுலயும் அப்படியே இருக்காங்க, வரிசை மட்டும் கொஞ்சம் முன்ன பின்ன. இது தற்செயலா இருக்க முடியாதுன்னு தான் ரொம்ப காலமா ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க, ஒரே பழைய வரிசை ரெண்டு கையில வேற வேற மாதிரி வளர்ந்து வந்திருக்கு, புஸ்தகமா தொகுத்தவங்க ரெண்டையும் தூக்கிப் போடாம வச்சுக்கிட்டாங்க. காயீன் பக்கத்து லாமேக்கு "எனக்காக 77 மடங்கு பழி"னு மீசைய முறுக்குறான், சேத் பக்கத்து லாமேக்கு 777 வருஷம் வாழ்ந்து சாகறான். அந்த 7 விளையாட்டு ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டே வந்திருக்கு பாருங்க. இன்னொரு வேடிக்கை, மெகுயவேலுக்கு ஒரே ஒரு வசனம்தான் (4:18), அந்த ஒரே வசனத்துக்குள்ள எபிரேயத்துல அவர் பேரு ரெண்டு விதமான ஸ்பெல்லிங்ல இருக்கு, மெகூயாயேல்னு ஒரு தடவை, மெகியாயேல்னு ஒரு தடவை. எழுதினவருக்கே டவுட்டு, ஆனா திருத்தல.

வயசு விஷயத்துக்கு வருவோம், ஏன்னா மெத்தூசலா 969 வருஷம் வாழ்ந்தார்னு எல்லாருக்கும் தெரியும், அது ஏன் சரியா 969னு யாரும் கூட்டிப் பாக்கறதில்ல. 187 வயசுல லாமேக்கைப் பெத்தார், லாமேக்கு 182ல நோவாவைப் பெத்தார், நோவாவுக்கு 600 ஆகும்போது ஜலப்பிரளயம். 187, 182, 600 கூட்டினா 969. அதாவது தாத்தா வெள்ளம் வந்த அதே வருஷம் போய்ச் சேர்றார். இது இன்னைக்கு நாம வச்சிருக்கற எபிரேய பாடத்துக் கணக்கு. சமாரியர்கள் கைல இருக்கற பாடத்துல யாரேத், மெத்தூசலா, லாமேக்கு மூணு பேருமே வெள்ளம் வந்த அந்த ஒரே வருஷத்துல சாகறாங்க, அங்க மெத்தூசலாவுக்கு 720 தான். பழைய கிரேக்க மொழிபெயர்ப்போட பல பிரதிகள்ல மெத்தூசலா 167 வயசுல பிள்ளை பெத்ததா இருக்கு, கணக்குப் போட்டா மனுஷன் வெள்ளத்துக்கு அப்புறமும் 14 வருஷம் உயிரோட இருக்கார், பேழைக்குள்ள போகாமலே! ஆரம்பகாலச் சபையோட பெரிய இறையியல் அறிஞர் அகஸ்டின் காலத்துலயே இது பெரிய தலைவலி, அவர் உக்காந்து இதுக்கு விளக்கம் எழுதியிருக்கார். ஆதாம்லேந்து வெள்ளம் வரைக்கும் எபிரேயத்துல 1656 வருஷம், சமாரியத்துல 1307, கிரேக்கத்துல 2242. பேரு மாறல, நம்பர் மட்டும் மாறுது. எங்கயோ யாரோ, நீதிமானோட தாத்தா வெள்ளத்த மிதந்து தாண்டக் கூடாது, வெள்ளத்துல சாகற பாவியாவும் இருக்கக் கூடாதுன்னு கவலப்பட்டு பென்சில் வச்சு சரி பண்ணியிருக்காங்கன்னு தான் நான் நினைக்கிறேன்.

நோவாவோட மகன் சேமுக்கு அப்புறம் வர்ற வரிசைலயும் இதே மாதிரி ஒரு கைவேலை. ஆதியாகமம் 11ல அர்பக்சாத் பையன் சாலா. ஆனா லூக்கா 3:36 எடுத்துப் பாருங்க, நடுவுல காயினான்னு ஒருத்தர் கூடுதலா நிக்கறார். இவர் கிரேக்க மொழிபெயர்ப்புலேந்து வந்தவர், எபிரேயத்துல கிடையாது. அவரு எத்தன வயசுல பிள்ளை பெத்தார், அப்புறம் எத்தன வருஷம் இருந்தார்னு கிரேக்கத்துல பாத்தா 130, 330. அடுத்து சாலாவுக்கும் அதே 130, 330. காப்பி அடிச்ச பரீட்சை பேப்பர் மாதிரி இருக்கு. நோவாவ எண்ணிக்கையோட கடைசில வச்சு ஆதாம்லேந்து 10 தலைமுறை, அதே மாதிரி சேம்லேந்தும் 10 வரணும்னு யாராவது ஆசப்பட்டிருக்கலாம்.

இனி தான் விஷயத்தோட சுவையான பகுதி. செரூகு, நாகோர், தேராகு, ஆபிரகாமுக்கு மேல இருக்கற மூணு தலைமுறை. தேராகு பத்தியாவது நாலு வரி இருக்கு, செரூகுக்கு சுத்தமா ஒண்ணும் இல்ல. ஆனா மேப்ல இருக்கார்! வட மெசபட்டோமியால ஆரான் ஊரைச் சுத்தி இருந்த இடங்களோட பேரு அசீரிய எழுத்துல கிடைச்சிருக்கு, அதுல சரூகின்னு ஒரு ஊரு, இன்னைக்குத் துருக்கில சூருச்னு அதே பேர்ல இருக்கு. நாகூர்ங்கற ஊரு மாரி நகரத்துல கிடைச்ச கி.மு. 18ஆம் நூற்றாண்டு களிமண் கடிதங்கள்ல வருது. தில் ஷ துராகின்னு ஒரு இடம் பாலிக் ஆத்தங்கரைல இருந்திருக்கு, தேராகோட பேரு ஒட்டிக்கிட்டிருக்கு. மூணு தாத்தா, மூணு ஊரு, எல்லாமே ஒரே வட்டாரத்துல. (தமிழ் பைபிள்ல ஆபிரகாமோட தம்பி ஆரானும் ஊரு ஆரானும் ஒரே பேரா தெரியும், அது எழுத்துப் பெயர்ப்புல வந்த குழப்பம், எபிரேயத்துல ரெண்டும் வேற வேற எழுத்துல ஆரம்பிக்குது.) அப்போ இது மனுஷங்க பேரு ஊருக்குப் போச்சா, ஊர் பேரு மனுஷங்களாச்சா? ரெண்டும் நடக்கும், ஆனா மூணும் சேர்ந்து ஒரே ஏரியால இருக்கறத பாத்தா "நாங்க அந்தப் பக்கத்துலேந்து வந்தவங்க"ன்னு சொல்றதுக்கு தான் இந்த வரிசைனு எனக்குப் படுது.

இதுக்கு இன்னும் வெளிப்படையான உதாரணம் ஆதியாகமம் 10ல சேம் வம்சத்துல வர்ற யொக்தானோட 13 பசங்க. அதுல அசர்மாவேத்னு ஒருத்தர், யேமன்ல இருக்கற ஹத்ரமவுத் தான் அது, வாசிச்சாலே தெரியும். கூடவே சேபா, தென் அரேபியா வணிக ராஜ்யம். இந்த சேபா ஒரு ஆச்சரியமான ஆளு, ஆதியாகமத்துல மூணு குடும்பத்துல பிறக்கறார்: ஒரு எடத்துல கூஷோட பேரன், ஒரு எடத்துல யொக்தான் மகன், அப்புறம் 25ஆம் அதிகாரத்துல ஆபிரகாம் கேத்தூராளுக்குப் பிறந்த பையனோட மகன். மனுஷனா இருந்தா மூணு அப்பா இருக்க முடியாது. வியாபாரம் பண்ற ஒரு ஜனமா இருந்தா மூணு பக்கமும் உறவு சொல்லலாம், ஆப்பிரிக்கா கரைலயும் தொடர்பு, அரேபியாலயும் ஊரு, ஒட்டகப் பாதைல வடக்க வந்தா அங்கயும் சொந்தம்.

எபிரேயத்துல ‘அப்பா’ங்கற வார்த்தையே கொஞ்சம் அகலமானது. 1 நாளாகமம் 2ல "பெத்லகேமின் தகப்பனாகிய சல்மா"ன்னு வருது, பெத்லகேம் ஒரு ஊரு, ஊருக்கு எப்படி அப்பா? அந்த ஊரை உண்டாக்கினவர், அதுக்குப் பெரிய மனுஷன், அந்த ஊர்க் குடும்பங்களுக்கு மூத்த வேர், அவ்வளவுதான் அர்த்தம். அதே அதிகாரத்துல காலேபோட பொண்டாட்டி பேரு எப்பிராத்தா, அதுவும் பெத்லகேம் பக்கத்து இடத்துப் பேரு தான். காலேபே எண்ணாகமத்துல எப்புன்னேயின் மகன், கேனேசியன், அதாவது யூதாவுக்கு வெளில இருந்து வந்த குலம், ஆனா நாளாகமத்துல அவரு யூதாவோட கொள்ளுப் பேரனா எஸ்ரோனுக்கு மகனா உக்காந்துட்டார். தெற்குப் பாலைவனப் பக்கம் இருந்த யெர்மெயேலியர் கதையும் இதே தான், 1 சாமுவேல்ல தனி ஜனம் மாதிரி வர்றவங்க, நாளாகமத்துல எஸ்ரோனோட மூத்த பிள்ளை வம்சம். பொய்யினு சொல்லிட முடியாது. பக்கத்துல குடியிருந்து, பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்து, சண்டைக்கு ஒண்ணா போய், கடைசில ஒரே குடும்பமாயிட்டாங்க, அதை எழுதறதுக்கு அவங்ககிட்ட இருந்த ஒரே பாஷை "இன்னாரைப் பெற்றான்" தான்.

இது எப்படி வேலை செய்யும்னு நைஜீரியால இருக்கற திவ் ஜனங்க விஷயத்துல கண்ணால பாத்திருக்காங்க. அங்க கோர்ட் வழக்குக்கெல்லாம் வம்சாவளி தான் ஆதாரம், அதனால பிரிட்டிஷ் அதிகாரிங்க 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல எல்லாத்தையும் கேட்டு நீளமா எழுதி வச்சுக்கிட்டாங்க. சுமார் 40 வருஷம் கழிச்சு மானுடவியல்காரங்க போனப்ப ஜனங்க "நீங்க எழுதி வச்சிருக்கறது தப்பு"ன்னு சாதிக்கறாங்க, ஆபீசருங்க "உங்க தாத்தாமாருங்க சொன்னது தானே"ன்னு கேக்கறாங்க. இடையில யாரு யாரோட சேர்ந்தாங்க பிரிஞ்சாங்கங்கறது மாறிப் போச்சு, வாய்மொழி வம்சாவளி அதோட சேர்ந்து நைசா மாறிடுச்சு, பேப்பர்ல இருந்தது மட்டும் மாறல. பைபிள்ல ஒரே ஆளு ரெண்டு எடத்துல ரெண்டு அப்பாவுக்குப் பிறக்கறாருன்னா, ரெண்டு வேற காலத்துல எடுத்த போட்டோன்னு நினைச்சுக்கலாம். சீகேம் எண்ணாகமம் 26ல கீலேயாத்தோட மகன், 1 நாளாகமம் 7ல செமீதாவோட மகன்.

அந்த சீகேம், செமீதா பேரை சொன்னதால 1910க்குப் போயே ஆகணும். அந்த வருஷம் ஹார்வர்ட் குழு ஒண்ணு சமாரியால, பழைய வடக்கு இஸ்ரவேல் ராஜாக்களோட தலைநகர்ல தோண்டினப்ப, மையில எழுதின உடைஞ்ச பானை ஓடுங்க கிடைச்சுது. கி.மு. 8ஆம் நூற்றாண்டு. ஒண்ணும் பெரிய காவியம் இல்ல, ஸ்டோர் ரூம் சீட்டு தான்: பத்தாம் வருஷம், இந்த எடத்துலேந்து, இன்னாருக்கு, ஒரு ஜாடி பழைய திராட்சை ரசம், இல்லன்னா ஒரு ஜாடி சுத்தமான எண்ணெய். இப்ப அந்த ஓடுங்க இஸ்தான்புல் மியூசியத்துல இருக்கு. அந்த "இந்த எடத்துலேந்து"ங்கற எடத்துல என்ன பேருங்க வருதுன்னு பாத்தா அபியேசேர், ஏலேக், அஸ்ரியேல், சீகேம், செமீதா, நோவாள், ஒக்லாள். எண்ணாகமம் 26ல மனாசே வம்சத்துல கீலேயாத்தோட பசங்க பேரும் செலொப்பியாத்தோட பொண்ணுங்க பேரும்!

இங்க கொஞ்சம் நின்னு நிதானமா யோசிக்கணும். செலொப்பியாத்தோட அஞ்சு பொண்ணுங்க கதை சண்டே கிளாஸ்ல சொல்லுவாங்க, மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள், அப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்ல, எங்க அப்பா பேரு ஏன் அத்துப் போகணும், எங்களுக்கும் நிலம் குடுங்கன்னு மோசே முன்னாடி வந்து நின்னாங்க, கர்த்தர் அவங்க சொல்றது சரின்னு சொன்னார். பெண்களுக்குச் சொத்துரிமை பத்திப் பேசறவங்க இன்னைக்கும் இதை எடுத்துக் காட்டுவாங்க. ஆனா பானை ஓட்டுல நோவாளும் ஒக்லாளும் எண்ணெயும் ரசமும் அனுப்பற மாவட்டங்க. திர்சாளும் வடக்கு ராஜ்யத்துக்கு ஒரு காலத்துல தலைநகரா இருந்த திர்சா ஊர் பேரு தான். யோசுவா 17ல மனாசேக்குப் பத்துப் பங்கு விழுந்துச்சுன்னு ஒரு கணக்கு வரும், அதையும் போட்டுப் பாருங்க: கீலேயாத்துக்கு ஆறு பசங்க, அதுல ஏப்பேரோட பங்கு பேத்திகளுக்குப் போயிடுது, மிச்சம் அஞ்சு, பொண்ணுங்க அஞ்சு, மொத்தம் பத்து. அதாவது இது மேப். மேப்ப குடும்பமா எழுதியிருக்காங்க. அப்போ மோசே முன்னாடி வந்து நின்ன அஞ்சு பொண்ணுங்க நிஜம் இல்லையான்னு கேட்டா, எனக்கு அந்தக் கேள்வியே கொஞ்சம் தப்பா கேக்கற மாதிரி இருக்கு. ஒரு மலைநாட்டுல சில ஊருங்களுக்குப் பொம்பளைப் பேரு இருந்துச்சு, அந்த ஊருங்க எப்படி ஆம்பளைப் பேரு இருக்கற ஊருங்களுக்குச் சமமா பங்கு வாங்கிச்சுன்னு யாரோ கேட்டாங்க, அதுக்குப் பதிலா ஒரு கேஸ் வந்து நிக்குது, அதுல பொண்ணுங்க ஜெயிக்கறாங்க. ஊர்ப் பேருக்கு விளக்கம் சொல்ற கதைன்னாலும், பொண்ணுங்க நிலம் வச்சுக்கலாம்னு அந்த சமுதாயம் ஒத்துக்கிட்டதா தானே அந்தக் கதை சொல்லுது.

பொண்ணுங்கன்னு வந்ததும் சேராளை விட்டுட்டுப் போக முடியாது, எப்பிராயீம் வம்சத்துல 1 நாளாகமம் 7:24ல ஒரே ஒரு வரி: கீழ் பெத்தொரோனையும் மேல் பெத்தொரோனையும் ஊசேன்சேராவையும் கட்டினவள். பைபிள்ல ஊரு கட்டினதா வர்ற ஒரே பெண். பெத்தொரோன் சாதாரண ஊரு இல்ல, கடற்கரைச் சமவெளிலேந்து எருசலேமுக்கு மேல ஏறுற பாதையக் காவல் காக்கற எடம். இவ்ளோ பெரிய வேலைக்கு ஒரு வரி தான், புருஷன் யாரு, எப்படிக் கட்டினா, ஒண்ணும் கிடையாது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது சேசான் வீட்டு விஷயம். 1 நாளாகமம் 2:34, "சேசானுக்குக் குமாரத்திகளேயன்றிக் குமாரர் இல்லை". சேசான் கிட்ட யர்கான்னு ஒரு எகிப்திய வேலைக்காரன், அதாவது அடிமை. சேசான் தன் பொண்ணை அவனுக்கே கட்டிக் குடுத்துட்டார், பையன் பிறந்தான், பேரு அத்தாயி. நம்ம பாஷைல சொன்னா வீட்டோட மாப்பிள்ளை, ஆனா மாப்பிள்ளை அடிமை, அதுவும் எகிப்தியன்! எகிப்துல இவங்க அடிமையா இருந்த கதைய வருஷா வருஷம் பண்டிகை வச்சு சொல்ற ஜனம் இது. அத்தாயிலேந்து கடகடன்னு 13 தலைமுறை ஓடி எலிஷாமாங்கறவர்ட்ட வந்து டக்குனு நின்னுருது. எலிஷாமா யாருன்னு விளக்கம் கிடையாது. அவரோட நின்னு போச்சுங்கறதால, இந்தத் துண்டை முதல்ல எழுதி வச்சது அவர் காலத்துல, அவர் குடும்பத்துக்காகன்னு ஊகிக்கறாங்க, எனக்கும் அது சரின்னு படுது. இவ்ளோ நீளமா ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு வேற எங்கயும் கிடையாது. யாரோ எலிஷாமாவ பாத்து "உங்க பாட்டன் எகிப்திய அடிமை தானே"ன்னு கேட்டிருப்பாங்க போல, அவரு மறைக்காம, ஆமா, ஆனா பாட்டி சேசான் பொண்ணு, பாருங்க 13 தலைமுறை லிஸ்ட்டுன்னு நீட்டியிருக்கார். எகிப்தியனோட மூணாம் தலைமுறை சபைக்குள்ள வரலாம்னு உபாகமம் 23ல ஒரு விதி இருக்கு, இவங்க 13க்குப் போயிட்டாங்க. இதுல ஒரு முடிச்சு, மூணு வசனத்துக்கு முன்னாடி 2:31ல "சேசானின் குமாரர் அக்லாய்"னு இருக்கும். பையனே இல்லன்னு அடுத்து சொல்றாங்க. அக்லாய் தான் அந்தப் பொண்ணுன்னு ஒரு கட்சி, ரெண்டு வேற ஆவணத்த ஒட்டினதுல வந்த தையல்னு ஒரு கட்சி. நான் ரெண்டாவது கட்சி.

ஆள் விட்டுப் போறதும் சகஜம். ரூத் புஸ்தகக் கடைசில பாரேஸ்லேந்து தாவீது வரைக்கும் சரியா 10 பேரு, அதுல நகசோன் மோசே காலத்து யூதா தலைவர், ஆரோனோட மச்சான். அவருக்கும் தாவீதுக்கும் நடுவுல சல்மோன், போவாஸ், ஓபேத், ஈசாய்னு நாலே பேரு. எகிப்துலேந்து கெளம்பி 480ஆம் வருஷம் சாலொமோன் ஆலயம் கட்ட ஆரம்பிச்சார்னு 1 ராஜாக்கள் சொல்லுது, அந்தக் கணக்குல ஆளாளுக்கு நூறு வயசுல பிள்ளை பெத்திருக்கணும். நடுவுல இருந்தவங்க கழண்டு போயிருக்காங்க, 10ங்கற எண்ணு தான் முக்கியம். எஸ்றாவோட சொந்த வம்சாவளிலயும் (எஸ்றா 7) நாளாகமத்துல இருக்கற ஆறு பேரு காணோம், அமரியாங்கற பேரு ரெண்டு தடவை வர்றதால எழுதினவர் கண்ணு ஒண்ணுலேந்து இன்னொண்ணுக்குத் தாவியிருக்கும்.

சில சமயம் லிஸ்ட்டுக்கு நடுவுல திடீர்னு ஒரு ஆளு உயிரோட எழுந்து நிப்பார். ஆதியாகமம் 36, ஏசா நாட்டுப் பழைய குடிகள் வரிசை, யாருமே படிக்காத அதிகாரம், அங்க "கோவேறு கழுதைகளைக் கண்டுபிடித்த ஆனாகு இவன்தான்"னு நம்ம பழைய தமிழ் பைபிள்ல வரும். அப்பாவோட கழுதைய மேய்க்கப் போன பையன். அவன் கண்டுபிடிச்சது என்னன்னு எபிரேயத்துல ‘யேமிம்’னு ஒரு வார்த்தை, வேதம் முழுக்க அந்த ஒரே எடத்துல தான் வருது. யூத வேத போதகருங்க, அதாவது ரப்பிமார், கோவேறு கழுதைன்னாங்க, லத்தீன் மொழிபெயர்ப்பு வெந்நீர் ஊத்துன்னு போட்டுச்சு, கிரேக்கக்காரங்க வம்பே வேண்டாம்னு அப்படியே ஆள் பேரு மாதிரி எழுதிட்டுப் போயிட்டாங்க. "இவன்தான்"னு சொல்றதப் பாத்தா அந்தக் காலத்து ஜனங்களுக்கு அது யாருன்னு நல்லாத் தெரிஞ்சிருக்கு, "அட அந்த ஆனாகு தானே"ன்னு சிரிச்சிருப்பாங்க. 

வெறும் பேரா இருந்தவங்களுக்குப் பின்னாடி வந்தவங்க கதை கட்டினதும் தனி வரலாறு. ஏனோக்கு எல்லாருக்கும் தெரிஞ்சது தான், ஏழாவது ஆளு, 365 வயசு, சாகாம போயிட்டார், அந்த நாலு வரிய வச்சு ஒரு முழுப் புஸ்தகமே வந்து எத்தியோப்பிய சபைல வேதமாவே இருக்கு. அவ்ளோ தெரியாதது செராக். ஆசேரோட பொண்ணு. யாக்கோபு குடும்பம் எகிப்துக்குப் போன 70 பேர்ல ஆதியாகமம் 46ல பேரு இருக்கு. நூத்துக்கணக்கான வருஷம் கழிச்சு எகிப்துலேந்து வெளில வந்தவங்க எண்ணிக்கைலயும், எண்ணாகமம் 26ல, இதே பேரு. வேற யாராவதா இருந்தா பழைய குலப் பேரைத் திரும்ப எழுதினாங்கன்னு விட்டுருவோம். ரப்பிமார் விடல, ரெண்டு எடத்துலயும் இருக்கான்னா அவ சாகவே இல்லன்னு முடிவு கட்டிட்டாங்க. யோசேப்போட எலும்பு எங்கன்னு மோசேக்குக் காட்டினது இவதான்னு ரப்பிமார் போதனைகளோட தொகுப்பான தல்மூது சொல்லுது. அதுக்கும் மேல ஒரு கதை: ரப்பி யோகனான் பாடம் நடத்தும்போது செங்கடல் தண்ணிச் சுவர் வலைப்பின்னல் மாதிரி நின்னுச்சுன்னு விளக்கறார், ஒரு கெழவி ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, நான் அங்க இருந்தேன், அப்படியெல்லாம் இல்ல, வெளிச்சம் வர்ற ஜன்னல் மாதிரி இருந்துச்சுன்னு திருத்தறா. அது செராக். ஈரான்ல இஸ்பகான் பக்கத்துல பீர் பக்ரான்ல அவ பேர்ல ஒரு யூத புண்ணியஸ்தலமே இருக்கு, சுத்தி கல்லறைத் தோட்டம்.

தூபால்காயீனோட தங்கச்சி நாமாளுக்கு அவ்ளோ அதிர்ஷ்டம் இல்ல, ஒரு பேரு தான், அதை வச்சு ஒரு ரப்பி அவள நோவாவோட மனைவின்னார், மத்தவங்க இல்லவே இல்ல அவ வேறன்னாங்க, பின்னாடி வந்த கபாலாங்கற யூத மறைஞான மரபுல பேயாவே ஆக்கிட்டாங்க. பேரே இல்லாத அம்மாக்களும் இருக்காங்களே, ஆபிரகாமோட அம்மா யாரு, தாவீதோட அம்மா யாரு? தல்மூதுல பாபா பத்ராங்கற பகுதில பதில் இருக்கு: ஆபிரகாம் அம்மா அமத்லாய், தாவீது அம்மா நித்செவெத். தெரிஞ்சு என்ன பிரயோஜனம்னு அங்கேயே கேள்வி கேட்டு, வேத விரோதிங்க கேட்டா பதில் சொல்லன்னு போட்டிருக்காங்க. நேர்மையான பதில்னு நினைக்கிறேன். லாமேக்கு பொண்டாட்டிக்கு மட்டும் சவக்கடல் சுருள்ல நல்ல ஒரு சீன் கிடைச்சுது. 1947ல கிடைச்ச முதல் ஏழு சுருள்ல ஒண்ணு, அதுல அவ பேரு பித்தேனோஷ், குழந்தை நோவா ஒரு மாதிரி ஜொலிக்கறான்னு லாமேக்குக்குச் சந்தேகம் வந்துருது, இது வானத்துலேந்து இறங்கினவங்களுக்குப் பிறந்ததோன்னு. அவ அழுதுகிட்டே நம்ம ரெண்டு பேரும் சேந்திருந்தத நெனச்சுப் பாருன்னு சொல்றா. 777 வருஷம்னு நம்பரா மட்டும் இருந்த மனுஷனுக்கு ஒரு வீட்டுச் சண்டை கிடைச்சுருச்சு.

இதெல்லாம் சரி, ஒரு பேரு லிஸ்ட்ல இல்லாம போனா என்ன ஆகும்? எஸ்றா 2ல பதில் இருக்கு. பாபிலோன்லேந்து திரும்பி வர்றாங்க, யாரு எந்தக் குடும்பம்னு கணக்கெடுக்கறாங்க, ஆசாரியர்னு சொல்லிக்கிட்டு மூணு குடும்பம் வருது: அபாயா வீட்டார், கோஸ் வீட்டார், பர்சிலாய் வீட்டார். "தங்கள் வம்ச அட்டவணையைத் தேடி, அதைக் காணாமற்போய்" ஆசாரிய வேலைலேந்து தள்ளி வைக்கறாங்க. பரிசுத்தமான சாப்பாட்டுல கை வைக்கக் கூடாது, கர்த்தரோட முடிவைக் கேட்டுச் சொல்ற ஊரீம் தும்மீம் வச்சிருக்கற ஆசாரியன் வந்து தீர்ப்பு சொல்ற வரைக்கும்னு அதிகாரி சொல்லிட்டார். வேலை, சாப்பாடு, மரியாதை எல்லாம் போச்சு. பர்சிலாய் வீட்டுப் பிரச்சனை புரியுது, தாவீது ஓடிப் போனப்ப சோறு போட்ட பணக்காரக் கிழவர் பர்சிலாயோட பொண்ணை ஒரு ஆசாரியர் கட்டிக்கிட்டு மாமனார் வீட்டுப் பேரையே வச்சுக்கிட்டார், இன்னொரு வீட்டோட மாப்பிள்ளை, சொந்த வீட்டு லிஸ்ட்ல அவங்க அப்புறம் எங்க இருக்கப் போறாங்க.

கோஸ் வீட்டார் மட்டும் விடல. நெகேமியா 3ல எருசலேம் மதில் கட்டற ஆளுங்க வரிசை, அதுவும் நாம தாவிப் போற லிஸ்ட்டு தான், அங்க கோசின் மகனான உரியாவின் மகன் மெரெமோத்னு ஒருத்தர் ரெண்டு எடத்துல ரெண்டு பங்கு மதிலைக் கட்டறார். எஸ்றா 8ல உரியாவின் மகன் மெரெமோத்ங்கற ஆசாரியர் கையில தான் ஆலயத்து வெள்ளியும் பொன்னும் நிறுத்துக் குடுக்கறாங்க. 1 நாளாகமம் 24ல தாவீது காலத்துல சீட்டுப் போட்டு ஆசாரியரைப் பிரிச்ச 24 வகுப்புல ஏழாவது சீட்டு யாருக்குன்னு பாருங்க, கோசுக்கு. கி.மு. 161ல, கிரேக்க ராஜாக்களை எதிர்த்துப் போராடின யூதத் தலைவர் யூதா மக்கபே ரோமாபுரிக்குத் தூது அனுப்பின எவுபொலேமுவும் அக்கோஸ் வம்சம்னு 1 மக்கபேயர் சொல்லுது, கிரேக்கத்துல எழுதின கோஸ் தான் அதுன்னு பெரும்பாலும் ஒத்துக்கறாங்க.

அபாயா வீட்டார் பேரு நெகேமியா 7ல அதே பட்டியலோட நகல்ல இன்னொரு தடவை வருது. அதுக்கப்புறம் எந்த லிஸ்ட்லயும் இல்ல.